ஒன்று–ஒன்றுக்குப் பதில் மூன்று–ஒன்று

மடத்து வாசலில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர் பொத்தானை அமுக்கினால், உள்ளே இருக்கிற சிஸ்டருடைய போனில் அவருடைய முகம் தெரியுமாம். அதற்கு வயர் இழுப்பதற்காகப் படிக்கட்டுக்குக் கீழே சுவரைச் சுரண்டியபோது, பழைய சுண்ணாம்புக்கு அடியிலிருந்து கறுப்பு மையால் எழுதிய எண்கள் வெளியே வந்திருக்கின்றன. 1–1, 1–2, 2–1, 2–2, 3–1 என்று வரிசையாக, பெயர் ஒன்றும் இல்லாமல். இப்போது வாசலைப் பார்க்கிற இளம் சிஸ்டர் அதை வேதாகமத்தின் அதிகாரமும் வசனமும் என்று நினைத்துவிட்டார். எந்தப் புத்தகம் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து தேடியிருக்கிறார். மூன்று நாள் தேடியும் ஒன்றும் பொருந்தாததால் என்னிடம் வந்தார்.

“மணியம்மா, மூணாம் அதிகாரம் ஒண்ணாம் வசனம், அது எந்தப் புத்தகத்துலங்க?”

எனக்கு வந்த சிரிப்பில் குடித்த தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. “அது வேதம் இல்லீங்க சிஸ்டர். அது போர்டிங் சிஸ்டர்” என்றேன்.

மடத்தில் படித்த பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று அவர்தான் இதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே மடத்துக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் பழகினேன். என் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் என் சொல்லை மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் கொப்பியை அவரிடம் கொடுத்தேன்.

என் பெயர் காமாட்சி. மடத்தில் படித்த உங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. முதலில் மணியக்கா, பிறகு மணியம்மா. கொழுந்து பறிக்கிற மலையில் சறுக்கி விழுந்து வலது முட்டி விலகிப்போன பிறகு, ஏறி இறங்க முடியாதவளாக ஹட்டனில் இந்தக் கன்னியர் மடத்துக்கு வேலை கேட்டு வந்தேன். நெற்றியில் பொட்டோடுதான் வந்தேன், பொட்டோடுதான் ஓய்வு பெற்றேன். அதை அழிக்கச் சொல்லி யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

என்னைப் பழக்கிய மூன்று மாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது மதராக இருந்தவர் மதர் பிலோமினா. யாழ்ப்பாணத்தார். உயரமானவர். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் சொன்னதையே இரண்டாவது முறை சொல்ல மாட்டார். வந்த முதல் வாரத்தில் ஒரு மனிதர் அவரைப் பார்க்க வந்தார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். மதர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “பேந்து வரச் சொல்லும்” என்றார்.

நானும் போய்ப் பேந்துவைத் தேடினேன். சமையலறையில் கேட்டேன், தோட்டக்காரரிடம் கேட்டேன். பேந்து என்று ஓர் ஆள் மடத்தில் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து மதரிடமே திரும்பிப் போய், “மதர், பேந்துவ எங்கயும் காணோம்ங்க. லீவுல போயிட்டாரா?” என்று கேட்டேன். மதர் என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்த மாதிரி இன்னொரு முறை நான் பார்த்ததில்லை. ‘பேந்து’ என்றால் யாழ்ப்பாணத்தில் ‘பிறகு’ என்று அர்த்தமாம். வாசலில் நின்ற மனிதரோ பேந்துவுக்காகக் காத்திருந்து, கடைசியில் போய்விட்டார்.

இனி மணியைப் பற்றிச் சொல்கிறேன். மடத்தில் அப்போது பதினான்கு சிஸ்டர்கள். ஒருவர் வகுப்பில் இருப்பார், ஒருவர் கோயிலில், ஒருவர் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற போர்டிங் மாடியில், ஒருவர் நோயாளிப் பிள்ளைக்குப் பக்கத்தில். பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட மடத்தில் இடமில்லை. அதனால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு வெண்கல மணி தொங்கியது. ஒவ்வொரு சிஸ்டருக்கும் ஓர் எண். சில அடி, ஒரு மூச்சு நிறுத்தம், மறுபடி சில அடி. ஒன்று–ஒன்று என்றால் மதர். இரண்டு–ஒன்று பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர். மூன்று–ஒன்று போர்டிங் சிஸ்டர். நான்கு–ஒன்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வருகிற சிஸ்டர்.

மதர் ஒரு தாளைக் காட்டி இதை எனக்கு விளக்கினார். தாளில் இருந்த பெயர்களை என்னால் வாசிக்க முடியவில்லை. எண்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா என்கிற அறைகள், நினைவுக்கு வந்தது. சட்டென்று விளங்கிவிட்டது.

“மதர், இது லயம்தானேங்க? மொதல்ல அடிக்கிறது லயத்து நம்பர். நிறுத்தி அடிக்கிறது காம்பரா நம்பர். மூணாம் லயம், ஒண்ணாம் காம்பரா.”

மதர் தாளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “ஓம். அப்பிடியும் சொல்லலாம்” என்றார். அன்று பின்னேரமே எனக்காகச் சுவரில் எண்களை எழுதச் சொன்னார். பெயர் வேண்டாம் என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை. எண் ஆளுக்குச் சொந்தமில்லை, வேலைக்குத்தான் சொந்தம். ஒவ்வொரு தை மாதமும் மாற்றக் கடிதம் வரும். போர்டிங் சிஸ்டர் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறம்பொடை மடத்துக்குப் போவார். மன்னாரிலிருந்தோ பூண்டுலோயாவிலிருந்தோ இன்னொருவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வருவார். மூன்று–ஒன்று அப்படியே இருக்கும். இந்தச் சபைக்கு எத்தனை மடம் இருந்தாலும் எல்லாவற்றிலும் அதே எண்கள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் எனக்கு ஓயாத வியப்பு. புதிதாக வந்த சிஸ்டர்களைக் கவனிப்பேன். பழைய ஊரில் இரண்டு–மூன்றாக இருந்தவர், இங்கே மூன்று–இரண்டாக ஆனபின்னும் ஒரு மாதத்துக்கு இரண்டு–மூன்று கேட்டால் பாதி எழுந்து மறுபடி உட்காருவார். போகிற அன்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆனால் “நான் போகலை” என்று ஒருவரும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியுமா? சிஸ்டர் ரெஜினா வந்தபோது அவரிடமே கேட்டேன்.

சிஸ்டர் ரெஜினா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவர். கொழுந்தெடுத்த தாயின் மகள். எங்கள் மடத்தில் எங்கள் பேச்சைப் பேசிய முதல் சிஸ்டர் அவர்தான். “லயத்துல பொறந்தவளுக்குக் காம்பரா மாறுறது புதுசாக்கா?” என்றார். “கூரை ஒழுகாத காம்பரா குடுத்தா சரி.”

ஒரு வருடம் என்னைப் பூண்டுலோயா மடத்துக்கு இரவல் கொடுத்தார்கள். நான்கே சிஸ்டர்கள் இருந்த சின்ன வீடு. மணி இல்லை. நான் ஒரு தண்டவாளத் துண்டைத் தேடிப்பிடித்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். முதல் நாள் காலையில் நான்கு–ஒன்று அடித்தேன். எங்கள் தோட்டத்தில் தப்பு அடித்துத்தான் ஆட்களைக் கூட்டுவார்கள்; பக்கத்துத் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத்தான் அடிப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சற்று நேரத்தில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக ஒரு கூட்டம் மலையை விட்டு இறங்கி வந்துவிட்டது. பின்னாலேயே கங்காணி ஓடி வந்தார்.

“யாரும்மா அது, எங்க பெரட்டு மணிய அடிக்கிறது? தொரை எங்கிட்ட கேட்டா நான் என்னான்னு சொல்றது?”

“சிஸ்டர கூப்பிட்டேங்க” என்றேன்.

“ஒரு சிஸ்டர கூப்பிட எழுவது பேரு வேல நின்னுருச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் நின்ற ஒரு பொம்பளை, “நாளைக்கும் அடிங்கக்கா, கொஞ்சம் இடுப்ப ஆத்திக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அங்கே ஒரு பித்தளைத் தட்டைத் தட்டினேன்.

இனி நான் சொல்ல உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் மடத்தின் இரண்டு ஒழுங்குகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எதற்கு யாரைக் கூப்பிடுவது என்பது. போர்டிங் பிள்ளைக்கு உடுப்பு, மருந்து, தின்பண்டம் கொண்டு வந்தால் மூன்று–ஒன்று, போர்டிங் சிஸ்டர். பிள்ளையை மடத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு போக வந்தால் ஒன்று–ஒன்று, மதர்.

இரண்டாவது, மணிக்கு வந்தவர் யாரோ அவரே அந்த விஷயத்தை முடிக்க வேண்டும் என்பது. நடுவில் வேறொருவர் வந்து வாய் வைக்கக் கூடாது. மதரே ஆனாலும் வர மாட்டார். வருகிறவர்கள் ஒரு சிஸ்டர் சொன்னதை இன்னொரு சிஸ்டரிடம் மாற்றிச் சொல்லிக் காரியம் சாதிக்காமல் இருக்க அப்படி வைத்திருந்தார்கள். அப்படியானால் யார் வருவார் என்பது மணி அடிக்கிறவள் கையில் இருக்கிறது. இதை மதர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

பிள்ளை விஷயத்தில் மதருடைய பிடி ஒன்றே ஒன்றுதான். “பெத்தவை கேட்டால் குடுக்க வேணும். நாங்கள் பிள்ளை பிடிக்கிற ஆக்கள் இல்லை.” முன்னொரு காலத்தில் மடத்தார் தோட்டத்துப் பிள்ளைகளை ஒளித்து வைக்கிறார்கள் என்று யாரோ ஊரெல்லாம் பேசி, பெரிய கரைச்சலாகி இருந்ததாம். அதிலிருந்து தகப்பன் வந்து கேட்டால் மதர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பிள்ளையின் பெட்டியைக் கட்டச் சொல்வார். படியில் நின்று, அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு பிள்ளை போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காவுக்குக் கல்யாணம், நான்கு நாளில் வந்துவிடுவாள் என்றார் தகப்பன். நான் ஒழுங்குப்படி ஒன்று–ஒன்று அடித்தேன். மதர் வந்தார், அனுப்பினார். கல்யாணமும் இல்லை, அக்காவும் இல்லை. பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு விட்டுவிட்டார்கள். அவளுடைய சப்பாத்து ஒரு வருடம் போர்டிங் மாடியில் கிடந்தது. அன்று நான் மணியைச் சரியாகத்தான் அடித்தேன். அதுதான் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. பத்து மணி இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் கோகிலாவின் தகப்பன். கோகிலா பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், அவளும் இதை வாசிப்பாள். பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சையான ஓ.எல். எழுத இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மற்றவர் அவளுடைய தாய்மாமன். கொழும்பில் கடை வேலை. மினுங்குகிற சேர்ட்டு, கையில் புதுக் குடை.

“என்ன விசயமா வந்தீங்க?” என்று கேட்டேன். வாசலில் இருப்பவள் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதற்கு மேல் கேட்டதெல்லாம் என் சொந்தப் பழக்கம்.

“எங்கம்மாவுக்கு முடியலைங்க. புள்ளைய ஒருதரம் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்” என்றார் தகப்பன்.

“ஐயோ, அப்பாயிக்கு என்ன செய்யுதுங்க?”

“நெஞ்சு வலி” என்றார் தகப்பன். அதே நேரத்தில், “கீழ விழுந்துட்டாங்க” என்றார் மாமன்.

“வீட்டுலயா வச்சிருக்கீங்க?”

“வீட்டுலதான்.”

“நுவரெலியா ஆஸ்பத்திரியில.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பன் தலையைக் குனிந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்க்க ஆரம்பித்தார். மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “கொஞ்சம் சுருக்கா கூப்பிடுங்கக்கா. ரயில விட்டுருவோம்” என்றார்.

பூண்டுலோயாவுக்கு ரயில் கிடையாது.

அவரைக் குடையை மடக்கச் சொல்லிவிட்டு மணிக்கு நடந்தேன். வாசலில் இருந்து மணிக்குப் பன்னிரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும். என் முட்டிக்குப் பதினைந்து. ஒன்று–ஒன்று அடித்தால் மதர் வருவார். அப்பாயிக்குச் சுகமில்லை என்று தகப்பன் சொல்வார். மதர் கேள்வி கேட்காமல் பெட்டியைக் கட்டச் சொல்வார். கயிற்றைப் பிடித்தேன். ஓர் அடி அடித்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு அடி. மூச்சு விட்டேன். ஒன்று.

சிஸ்டர் ரெஜினா மாடியில் இருந்து இறங்கி வந்தார். கை ஈரமாக இருந்தது. வந்தவர்களை உட்கார வைக்கிற அறையைப் பார்லர் என்போம். அதன் கதவைப் பாதி திறந்து வைத்து, நான் வெளியே நிற்பது வழக்கம்.

“அப்பாயிக்கு முடியலைங்களா? அடக் கடவுளே” என்றார் சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. “சரி, ஒரு நிமிசம் இருங்க. நான் செருப்ப மாத்திட்டு வந்துர்றேன்.”

“எதுக்குங்க சிஸ்டர்?” என்றார் மாமன்.

“நானும் வர்றேன்ல. வயசானவங்க. ஒரு செபம் சொல்லிட்டு வருவோம்.”

“நாங்க இந்துங்க சிஸ்டர்.”

“அப்பச் செபம் வேணாம். ஆரஞ்சு வாங்கிட்டுப் போவோம்.”

“இடம் ரொம்பத் தூரம். மழை வேற. ஒங்களால ஏற முடியாது.”

“நான் இறம்பொடைக்காரிங்க. எங்க லயத்துக்கு ஏறுன மனுசன் எறங்குறதுக்கு யோசிப்பான். ஒங்க மலை என்னா மலை?” என்றவர், தகப்பன் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. “ண்ணே, அவரு கிட்ட நான் பேசல. ஒங்ககிட்ட கேக்குறேன். அப்பாயி எப்படி இருக்காங்க?”

தகப்பன் நனைந்த தலையைத் துடைத்தார். பிறகு, “நல்லா இருக்காங்க” என்றார். “காலையில ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க.”

அதற்குப் பிறகு உண்மையெல்லாம் வந்துவிட்டது. மனைவிக்கு முதுகெலும்பில் வலி, மலைக்குப் போவதில்லை. கோகிலாவுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். மச்சான் கொழும்பில் நல்ல இடம் ஒன்று பார்த்திருக்கிறார், அவருடைய முதலாளியின் தங்கை வீடு, நாளைக்கே வரச் சொல்கிறார்கள், விட்டால் வேறு பிள்ளை போய்விடும். “நான் என்னங்க செய்ய?” என்றார். குற்றம் செய்த மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார்.

“பரீட்சை எழுதட்டும்ண்ணே” என்றார் சிஸ்டர் ரெஜினா. “மூணு கிழமை. எழுதி முடிச்ச அடுத்த நா நீங்க வாங்க. அவகிட்டயே கேளுங்க. அவ கொழும்புக்குப் போறேன்னா நானே டேசன்ல ஏத்தி விடுறேன்.”

மாமன் எழுந்தார். “மதர பாக்கணும். மதரு குடுத்துருவாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“இந்த விசயம் எனக்கு வந்துருச்சுங்களே. மணி எனக்குத்தானே அடிச்சிச்சு?” என்றார் சிஸ்டர். சொல்லும்போது கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

தகப்பன் மகளைப் பார்த்துவிட்டு மட்டும் போகிறேன் என்றார். கோகிலா வந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, “அப்பாயி எப்படிப்பா இருக்காங்க?” என்பதுதான். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எப்போது வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பாள். தகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதர் பிலோமினா மாலைச் செபத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேசையில் எப்போதும் இரண்டே பொருள்தான் இருக்கும், ஒரு பேனாவும் ஒரு தாளும். அன்று அவை இரண்டும் இல்லை.

“காலமை ஆர் வந்தவை?”

“கோகிலாவோட அப்பாவும் மாமாவும்ங்க மதர்.”

“என்னத்துக்கு?”

“புள்ளைய கூட்டிட்டுப் போக.”

“அதுக்கு எத்தனை?”

“ஒண்ணு–ஒண்ணுங்க மதர்.”

“நீர் எத்தனை அடிச்சனீர்?”

“மூணு–ஒண்ணு.”

மதர் சன்னல் பக்கம் பார்த்தார். “பதினொரு வருசம் நீர் மணியில நிக்கிறீர். களைப்பில பிழையா அடிச்சுப் போட்டீரோ?”

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தை இன்றைக்கும் யோசிக்கிறேன். ‘ஆமாம் மதர், பிழையாகிவிட்டது’ என்று நான் சொன்னால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கதவைத் திறந்து விட்டுத்தான் கேட்டார். ஆனால் பதினொரு வருடத்தில் நான் ஓர் எண்ணைக்கூடப் பிழையாக அடித்ததில்லை. காய்ச்சலில் அடித்திருக்கிறேன், என் தகப்பன் செத்த மறுநாள் அடித்திருக்கிறேன். அந்தப் பிழையை எப்படி என் பெயரில் ஏற்றுக்கொள்வது?

“இல்லீங்க மதர். சரியாத்தான் அடிச்சேன்.”

“தெரிஞ்சுதான் அடிச்சனீர்.”

“ஆமாங்க.”

“நான் வந்திருந்தால் என்ன செய்திருப்பன் எண்டு நினைச்சனீர்?”

“அனுப்பியிருப்பீங்க மதர்.”

மதர் வெறும் மேசையை ஒரு முறை தடவினார். பிறகு, “ஓம். அனுப்பியிருப்பன்” என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, “நாளையில இருந்து நீர் உடுப்புத் தோய்க்கிற பக்கம் போம். மணியை லெட்சுமி பாக்கட்டும்” என்றார்.

லெட்சுமி சமையலறையில் வேலை செய்தவள். நல்ல பொம்பளை, ஆனால் அடிக்கும்போது எண்ண மாட்டாள். மீன்காரர் வந்ததற்கு ஒன்று–ஒன்று அடித்து, மதரைக் கீரி மீன் கூடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். கல்விக் கந்தோரில் இருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த பெரியவருக்கு மூன்று–இரண்டு அடித்ததில், நோயாளி அறைச் சிஸ்டர் காய்ச்சல் பார்க்கிற குழாயோடு ஓடி வந்தார். நான் தொட்டியில் படுக்கை விரிப்புகளைக் கும்மிக்கொண்டு, ஒவ்வொரு பிழையையும் காதால் எண்ணிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிஸ்டர் ரெஜினா துணி மூட்டையோடு வந்தார். “ஏங்க்கா, தப்பா அடிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா? மதரே அப்படித்தானே கேட்டாங்க?”

“தப்பா அடிக்கலைங்களே.”

“பெரும புடிச்ச ஆளு” என்று சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்த்து, பக்கத்தில் குந்தி அவரும் கும்ம ஆரம்பித்தார். “எனக்கும் ஏச்சு விழுந்துச்சு. யாரு விசயம்னு தெரிஞ்சும் ஏன் மதர் கிட்ட அனுப்பலைன்னு. மணிக்கு வந்தவதானே முடிக்கணும், ஒழுங்கு அதுதானேன்னு கேட்டேன்.”

பரீட்சை நாட்களில் பிள்ளைகள் தோய்க்கிற இடத்தைத் தாண்டித்தான் போவார்கள். கோகிலா எனக்குக் கை காட்டிவிட்டுப் போவாள். நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கடைசிப் பரீட்சை அன்று பின்னேரம் மதர் பிலோமினா தானே தோய்க்கிற இடத்துக்கு வந்தார். அந்த ஈரத்தரைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு மணிக்கு வாரும்” என்றார். “ஒரு ஒழுங்கு மாத்தியிருக்கு. பிள்ளையைக் கூட்டிப்போக ஆரும் வந்தால் ஒண்டு–ஒண்டு அடியும். பிறகு மூண்டு–ஒண்டும் அடியும்.”

எனக்குள் மகிழ்ச்சியைவிடக் கேள்விதான் முதலில் வந்தது. “ரெண்டு பேரும் வந்தா விசயத்த யாருங்க மதர் முடிக்கிறது?”

மதர் என் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளை” என்றார்.

“புள்ளைக்கு நம்பர் இல்லீங்களே.”

“நடந்து போய்க் கூட்டிக்கொண்டு வாரும்.”

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். தகப்பனும் மாமனும். அதே புதுக் குடை. ஒன்று–ஒன்று அடித்தேன், மூன்று–ஒன்று அடித்தேன். இரண்டு சிஸ்டர்களும் ஒன்றாக ஒரே பார்லருக்குள் போவதை அன்றுதான் மடம் பார்த்தது. பிறகு நான் மாடி ஏறினேன். முட்டி வலித்தது. கோகிலா பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் என்னவென்று போகிற வழியில் அவளுக்குச் சொன்னேன். அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினாள். படியில் இரண்டு முறை நின்றாள்.

பார்லரில் மாமன்தான் பேசினார். கொழும்பு வீடு எவ்வளவு நல்ல வீடு, டிவி இருக்கிறது, தனி அறை தருவார்கள், பரீட்சையும் முடிந்துவிட்டது, இனி வீட்டில் இருந்து என்ன செய்வது, நேரே ரயிலுக்குப் போய்விடலாம் என்றார். சிஸ்டர் ரெஜினாவுக்கு வாய் துறுதுறுத்தது. மதர் அவருடைய கைமேல் தன் கையை வைத்து அழுத்தியிருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். மதர் சொன்னது ஒன்றுதான். “கோகிலா, நீர் சொல்லும்.”

கோகிலா முதலில் தகப்பனைப் பார்த்தாள். பிறகு மாமனைப் பார்த்தாள். கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

“மாமா, ஒங்க சுமதி என்னவிட ஒரு வயசு மூத்தவதானே. அவள ஏன் அனுப்பல?”

“அவ படிக்கிறால்ல” என்றார் மாமன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. வாய் திறந்தபடி இருந்தார். சேர்ட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெளியே ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது.

தகப்பன் எழுந்தார். மகளுடைய பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். “மச்சான், நீங்க ரயிலுக்குப் போங்க. நாங்க பூண்டுலோயா பஸ்ஸுக்குப் போறோம்” என்றார். பிறகு மதரைப் பார்த்து, “ரிசல்ட்டு எப்பங்க வரும்?” என்று கேட்டார்.

மதர் வாயைத் திறப்பதற்கு முன் கோகிலா சொல்லிவிட்டாள். “சித்திரைக்கு முன்னாடி வந்துரும்ப்பா.”